கிளட்ச் இல்லாத வண்டி

வயோமிங்
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள ஆர்டித்துக்கு வெர்ல் எழுதுவது. நான் நலம். நீயும் உன் அக்காவும் நலமா?

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீ அக்காவுக்குப் பீச் பழ ஜாம் காய்ச்சப் போயிருப்பதாகத் தீவனக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன். மூன்று வாரம் ஆகிவிட்டது. நேற்று அங்கே ஹாலிஸ், "ஏம்ப்பா, அமெரிக்கா பூராவுக்கும் உம் பொண்டாட்டிதான் ஜாம் காய்ச்சுறாளா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான்.

மாடுகள் நலம். என் முழங்கால்தான் சரியில்லை. நீ கோபித்துக்கொண்டு போன அன்று மலை இறக்கத்தில் கிளட்சை மிதித்துக் கியரை எடுத்தேன். திரும்பப் போடுவதற்குள் கால் கைவிட்டது. பின்னால் டிரெய்லரில் பன்னிரண்டு மாடு. பிரேக் புகைந்து, ஓரத்துச் சரளை மேட்டில் ஏறி நின்றோம். நீ நடுங்கிக்கொண்டிருந்தாய். நான், "ராட்டினத்துல ஓசியிலயே சுத்தியாச்சு, எறங்கு அம்மணி" என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. எனக்கும் பயம்தான். அதை நீ பார்த்துவிடக் கூடாதென்றுதான் வாய் ஆடியது.

ஆட்டோமேட்டிக் ஓட்டுகிறவர்களை 'சோபாக்காரர்கள்' என்று முப்பது வருடம் கேலி செய்தவன், சனிக்கிழமை இரண்டு சோபாவில் உட்கார்ந்தேன். இரண்டும் பெரிய டீசல் வண்டி. அதே டிரெய்லர், அதே மாடுகள், அதே மலை. ஆறு கியர் வண்டி ஏற்றத்தில் காளை மாதிரி இழுத்தது. ஆனால் இறக்கத்தில் வளைவுக்கு வளைவு எந்தக் கியர் என்று யோசித்தது. நானும் பிரேக்கை விடாமல் மிதித்தேன். பத்து கியர் வண்டியில் கியர் மாறுவதே தெரியவில்லை. இறக்கத்தில் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினேன். தானாகவே கியரைக் குறைத்து, எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. ஆறு மைலுக்கு என் கால் சும்மா இருந்தது. சரளை மேட்டைத் தாண்டும்போது மட்டும் பக்கத்து இருக்கையைப் பார்த்தேன்.

பத்து கியரையே வாங்கிவிட்டேன். பழைய வண்டியைக் கொடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு முறை வந்து அந்த இறக்கத்தில் என் பக்கத்தில் உட்கார். ஆறு மைலும் வாயைத் திறக்க மாட்டேன். கடவுள் உன்னை நலமாக வைத்திருக்கட்டும். முடிந்தால் இந்தப் பக்கமாக.

உன்
வெர்ல்

பி.கு.: இந்த வண்டி ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமலே மெல்ல நகரும் என்று விற்றவன் சொன்னான். நான் ரிவர்ஸில் போட்டுவிட்டு அதை யோசித்துக்கொண்டிருந்தேன். வாசல் கம்பத்தில் இருந்த நம் தபால் பெட்டி இப்போது இல்லை. பதிலைத் தபால் நிலையத்துக்கே போடு. தினமும் போய்க் கேட்கிறேன்.