வீட்டுக் கணக்கில் மூன்றாவது ஆள்

4 மார்ச் 2024, திங்கட்கிழமை, காலை 7.10
குறிப்பு 1: வருமானத் தகுதி

விசா மையத்தின் மின்னஞ்சல் வெள்ளிக்கிழமை மாலை 5.22-க்கு வந்தது. அச்சிட்டு, இருமுறை படித்து, கோப்பில் வைத்துவிட்டேன். என் மனைவி டொமிங்காஸ் ஃபோகோ தீவிலிருந்து இங்கே வர வேண்டுமானால், அவளைக் காப்பாற்றும் அளவுக்கு எனக்கு வருமானம் உண்டு என்று பொறுப்புப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். தொகை போதவில்லையென்றால் விசா இல்லை. அவ்வளவுதான் செய்தி, அதை நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார்கள்.

இருவர் கொண்ட வீட்டுக்கு ஆண்டுக்கு 25,550 டாலர் வேண்டும். நியூ பெட்ஃபோர்ட் நகராட்சி எனக்குத் தரும் ஓய்வூதியம் 28,140. மிச்சம் 2,590. முப்பத்தோராண்டு இந்நகரத்து மீன் கடைகளிலும் இறைச்சிக் கடைகளிலும் தராசு சோதித்தவன் நான். என் கணக்கு தவறியதாக இதுவரை எவரும் சொன்னதில்லை.

முதல் மனைவி லூர்து இறந்து நான்காண்டு கழித்து, 18 ஜூன் 2022 அன்று, டொமிங்காஸை மணந்தேன். அன்றிலிருந்து நாங்கள் ஒரே கூரையின்கீழ் இருந்த நாட்கள் மொத்தம் நாற்பத்தொன்று. எனக்கு வயது 73. அவளுக்கு 59.

9 மார்ச் 2024, சனிக்கிழமை, பிற்பகல் 2.35
குறிப்பு 2: செலஸ்தீனா கேட்ட கேள்வி

மாதாகோயில் கூடத்தில் சனிக்கிழமைகளில் விண்ணப்பம் நிரப்பித் தரும் செலஸ்தீனாவிடம், நானே நிரப்பிய படிவத்தைச் சரிபார்க்கக் கொடுத்தேன். அவள் மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, வீட்டிலுள்ளோர் எண்ணிக்கை என்ற கட்டத்தில் விரலை வைத்தாள்.

“ரெண்டுன்னு போட்டிருக்கீங்க, அண்ணே. நெலிட்டோ பொண்டாட்டிக்கு நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க? அந்தப் பொண்ணும் உங்க கணக்குல வரும்.”

நெலிட்டோ என் அக்காள் மகன். 2013-இல் தன் மனைவி இவோனை வரவழைத்தபோது அவன் சம்பளம் போதவில்லை. கூடுதல் பொறுப்பாளனாக நான் கையொப்பமிட்டேன். வந்த ஒன்பதாம் மாதம் அவள் அவனை விட்டுப் போனாள். 2015-இல் விவாகரத்தும் ஆயிற்று. இவற்றைத் தேதிவாரியாகச் சொன்னேன்.

“விவாகரத்து அவங்க ரெண்டு பேருக்குத்தான். உங்களுக்கு இல்ல,” என்றாள்.

இவோன் குடியுரிமை பெற வேண்டும். அல்லது பத்தாண்டு, அதாவது நாற்பது காலாண்டு, வேலை செய்த பதிவு இருக்க வேண்டும். அல்லது நாட்டை விட்டே போக வேண்டும். அல்லது சாக வேண்டும். அதுவரை அவள் என் பொறுப்பாம். ஆக மூவர். மூவருக்கு 32,275. எனக்குக் குறைவது 4,135. சேமிப்பென்று காட்ட எதுவுமில்லை. இருந்ததெல்லாம் லூர்துவின் மருத்துவத்துக்குப் போயிற்று.

பதினோராண்டுக்கு முந்தைய ஒரு கையெழுத்து செலஸ்தீனாவுக்கு எப்படி நினைவிருக்கிறது? யார் நினைவூட்டினார்கள்? அவளுக்கும் இவோனுக்கும் ஏதோ ஒட்டுறவு இருக்க வேண்டும்.

10 மார்ச் 2024, ஞாயிற்றுக்கிழமை, இரவு 8.05
குறிப்பு 3

படிவத்தின் விளக்கவுரை முழுவதையும் வரி வரியாகப் படித்தேன். செலஸ்தீனா பொய் சொல்லவில்லை.

12 மார்ச் 2024, செவ்வாய்க்கிழமை, மாலை 6.50
குறிப்பு 4: டொமிங்காஸின் சந்தேகம்

கட்டத்தில் மூன்று என்று திருத்த வேண்டியிருப்பதைத் தொலைபேசியில் அவளிடம் சொன்னேன். அவளுக்குப் பின்னால் சேவல் கூவிக்கொண்டிருந்தது. அங்கே அப்போது இரவு ஒன்பதரை, அந்தச் சேவலுக்குப் பொழுது தெரியாது.

“மூணாவது ஆள் யாரு, தியோஃபிலோ?”

சொன்னேன்.

“பேர் என்ன? வயசு என்ன? உங்க கூடத்தான் இருக்காளா?”

பேர் இவோன், வயது நாற்பது, பிராக்டன் நகரில் இருக்கிறாள், பார்த்துப் பத்தாண்டாகிறது என்றேன்.

“பாக்காத பொம்பளைக்கு கணக்குல எடம் இருக்கு. மோதிரம் மாத்துன எனக்கு எடம் இல்ல. நல்லா இருக்கே கதை.”

இது அவள் பேச்சில்லை. அவள் தம்பி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்திருப்பான். அக்காள் இங்கே வந்துவிட்டால் காபித் தோட்டத்தை யார் பார்ப்பது என்ற கவலை அவனுக்கு. வருடக் கடைசிக்குள் ஒரு முடிவு தெரியவில்லையென்றால் தான் வருவதாகவே இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். நான் பெண் வைத்திருக்கிறேனாம். எழுபத்து மூணு வயசுல. முட்டி மடக்கி உக்கார முடியாதவன் நான் —

16 மார்ச் 2024, சனிக்கிழமை, பகல் 12.15
குறிப்பு 5: அர்மிந்தோ

மகனிடம் கூடுதல் பொறுப்பாளனாகக் கையொப்பமிடக் கேட்டேன். அவன் சம்பளம் தாராளமாகப் போதும். மறுத்துவிட்டான். நீங்கள் நாற்பது நாள் பழகிய பெண்ணுக்கு நான் பத்தாண்டு பொறுப்பா, அவள் விசாவுக்காகத்தான் உங்களைக் கட்டியிருப்பாள், வந்த ஒன்பதாம் மாதம் போய்விடுவாள் என்றான். நாற்பத்தொன்று என்று திருத்தினேன்.

இந்த வார்த்தைகளை எங்கோ கேட்டிருக்கிறேன். நான்தான் சொன்னேன், இவோனைப் பற்றி, 2014-இல், இதே சாப்பாட்டு மேசையில். அப்போது அவன் சோளமும் அவரையும் வெந்த கச்சுப்பாவை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தான். கவனிக்கிறான் என்று நான் நினைக்கவில்லை.

23 மார்ச் 2024, சனிக்கிழமை, மாலை 4.40
குறிப்பு 6: பிராக்டன், முதல் முறை

இவோன் இதற்குள் குடியுரிமை பெற்றிருந்தால் அந்தச் சான்றின் ஒரு நகல் போதும், கணக்கு இரண்டாகிவிடும். அவள் வீட்டெதிரே 11.40 முதல் 12.25 வரை வண்டியில் அமர்ந்திருந்தேன். இரண்டாம் மாடி. சன்னலில் புதுத் திரை. வாசலில் சாம்பல் நிற வண்டி, பழையது அல்ல. எங்கிருந்து வந்தது? அரசு உதவிப் பணமாக இருந்தால், பொறுப்பேற்றவன் என்று அந்தக் கட்டணச் சீட்டு ஒருநாள் என் பெயருக்குத்தானே வரும்? பத்தாண்டாகத் தபால்பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைத்தான் எதிர்பார்க்கிறேன். வரவில்லை. வராததற்கும் ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

கதவைத் தட்டவில்லை. ஏன் என்று இங்கே எழுதிவிடுகிறேன். இது வேறெவரும் படிக்கும் ஏடு அல்ல. 2 செப்டம்பர் 2014 அன்று குடியேற்ற அலுவலகத்துக்கு, இவோனின் திருமணம் விசாவுக்காகச் செய்த பொய்த் திருமணம் என்று பெயரிடாமல் ஒரு கடிதம் எழுதினேன். அவளுக்கு அது தெரிய வழியில்லை. ஆயினும்.

6 ஏப்ரல் 2024, சனிக்கிழமை, இரவு 9.30
குறிப்பு 7: பிராக்டன், இரண்டாம் முறை

தட்டினேன். முதியோர் இல்லத்துச் சீருடையில் இருந்தாள். மூன்று மணி வேலைக்குக் கிளம்பும் நேரம். என்னைப் பார்த்து அவள் வியக்கவில்லை. உள்ளே வரச் சொல்லி, காபி வைத்தாள். நான் குடிக்கவில்லை. முன்பெல்லாம் மாமா என்று அழைப்பாள். இன்று என் குடும்பப் பெயரைச் சொல்லி, “உக்காருங்க, பாரோஸ் சார்,” என்றாள்.

குடியுரிமை வாங்கிவிட்டாயா என்று கேட்டேன்.

“வாங்கியிருந்தா உங்க கணக்குலேர்ந்து என் பேரை அடிச்சிரலாம். அதானே?”

உண்மையைச் சொன்னேன்: ஆம், என் மனைவியை வரவழைக்க வேண்டும்.

வாங்கவில்லையாம். அப்படியானால் வேலைக் கணக்கு? பத்தாண்டு ஆகியிருக்குமே. அவளே போய் ஆண்டுவாரிச் சம்பளப் பதிவை எடுத்து வந்து மேசைமேல் வைத்தாள். 2014 முதல் 2023 வரை பத்து வரிகள். ஒன்பதில் தொகை. 2016-இல் பூஜ்யம். முப்பத்தாறு காலாண்டு, நான்கு குறைகிறது.

அந்த ஆண்டு முழுவதும் ஏன் சும்மா இருந்தாய் என்று கேட்டேன். கேட்ட தொனி சரியில்லை. அதையும் பதிவு செய்கிறேன்.

அவள் உட்கார்ந்தாள். அவளுடைய தற்காலிகக் குடியிருப்பு அட்டை 2015 நவம்பரில் முடிந்தது. புது அட்டைக்கு விசாரணை என்று நிறுத்தி வைத்தார்கள். தேதி முடிந்த அட்டையோடு வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டோம் என்று முதியோர் இல்லத்தில் சொல்லிவிட்டார்கள். பதினான்கு மாதம். விசாரணையில் அதிகாரி ஒரு தாளைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாராம்.

“பதினொண்ணு ஆகஸ்ட் ரெண்டாயிரத்துப் பதினாலு, காலைல ஆறு நாப்பத்தேழுக்கு, ரெண்டு பெட்டியோட உன்னை ஏத்திக்கிட்டுப் போன ஆம்பள யாருன்னு கேட்டாரு. ஆறே முக்கால்னு யார் வேணா எழுதுவாங்க. ஆறு நாப்பத்தேழுன்னு எழுதுறவரு நம்ம சொந்தத்துல ஒருத்தர்தான், சார். பேர் போடாட்டி என்ன?”

நான் மேசைமேலிருந்த பதிவில் அந்தப் பூஜ்யத்தைப் பார்த்தேன்.

“ஏத்திக்கிட்டுப் போனவரு என் கூட வேலை பாக்குறவளோட புருஷன். ஆஸ்பத்திரிக்கு. நெலிட்டோ என் இடது மணிக்கட்ட உடைச்சிருந்தான். எதிர்வீட்டுச் சன்னல்லேர்ந்து பெட்டி எத்தனைன்னு எண்ணத் தெரிஞ்சுது உங்களுக்கு. ஏன் போறன்னு ஒரு வார்த்த கேக்கத் தெரியல.”

அந்தப் பதினான்கு மாதம் எதைக் கொண்டு பிழைத்தாய், அரசு உதவியா என்றேன். கோயிலில் கொடுத்த சோளமும் அவரையும் என்றாள். அரசிடம் ஒரு காசு வாங்கவில்லை. வாங்கினால் சீட்டு என் பெயருக்குப் போகும் என்று சொன்னார்களாம்.

“உங்க மேல இரக்கப்பட்டுன்னு நெனச்சிராதீங்க. இன்னொரு கடிதம் எழுதிருவீங்களோன்னு பயம்.”

குடியுரிமைக்கு இப்போது விண்ணப்பிக்கலாமே என்றேன். அந்தத் தாள் இன்னும் தன் கோப்பில் இருக்கிறது, மறுபடி ஒரு அதிகாரி முன் அமர்ந்து ஆறு நாற்பத்தேழுக்குப் பதில் சொல்லத் தெம்பில்லை என்றாள். பிறகு மணி பார்த்து, காபிக் கோப்பையைத் தொட்டியில் கொட்டிவிட்டு, வேலைக்குக் கிளம்பிவிட்டாள். பணம் கேட்கவில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லவில்லை. எதுவுமே கேட்கவில்லை.

ஏன் கேட்கவில்லை? வீடு வரும்வரை யோசித்தேன். இதில் என்ன தந்திரம்?

7 ஏப்ரல் 2024, ஞாயிற்றுக்கிழமை, அதிகாலை 5.15
குறிப்பு 8: 2014-ஆம் ஆண்டு ஏடு

மணிக்கட்டு உடைந்தது என்பது கட்டுக்கதையாக இருக்கலாம் என்று தோன்றியது. என் ஏட்டில் இல்லாத ஒன்றை நான் எதற்கு நம்ப வேண்டும்? 11 ஆகஸ்ட் 2014 பக்கத்தை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்து, நீல மை:

‘காலை 6.47. இரண்டு பெட்டி, இரண்டையும் அந்த ஆளே தூக்கினான். அவள் இடது கையில் வெள்ளைத் துண்டு சுற்றியிருந்தது.’

பார்த்திருக்கிறேன். எழுதியும் வைத்திருக்கிறேன். கடிதத்தின் கார்பன் நகலையும் எடுத்தேன். பெட்டி இருக்கிறது, வண்டி எண் இருக்கிறது, நேரம் இருக்கிறது. துண்டு இல்லை. எடுத்துட்டேன். நானே எடுத்துட்டேன்.

13 ஏப்ரல் 2024, சனிக்கிழமை, பகல் 1.20
குறிப்பு 9: செலஸ்தீனாவின் எச்சரிக்கை

அந்தக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, என் பெயரிட்டு அதே அலுவலகத்துக்கு எழுதினால் என்னவாகும் என்று செலஸ்தீனாவிடம் கேட்டேன். முழுவதையும் சொல்ல வேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்க்காமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டே கேட்டாள்.

அவள் சொன்னதன் சாரம்: இவோன் விண்ணப்பிக்கும்போது அது அவளுக்குப் பெருந்துணை. ஆனால், அரசுக்கு உண்மையை மறைத்து எழுதியவன் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். பொறுப்புப் பத்திரமும் என் சொல்லை நம்பித்தான் நிற்கிறது. எந்த அதிகாரியாவது இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் டொமிங்காஸின் விசா அங்கேயே நிற்கலாம்.

“சும்மா இருந்தீங்கன்னா அக்டோபர்ல அவளுக்கு நாப்பது காலாண்டு நெறஞ்சிரும், அண்ணே. உங்க கணக்கு தானா ரெண்டாயிரும். யாருக்கும் தெரியப் போறதில்ல.”

இதைச் சொல்ல அவளுக்கு என்ன ஆதாயம் என்று தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை.

20 ஏப்ரல் 2024, சனிக்கிழமை, மாலை 5.45
குறிப்பு 10: டொமிங்காஸிடம் சொன்னது

ஐம்பத்திரண்டு நிமிடம் பேசினேன். துண்டையும் சொன்னேன். அக்டோபர்வரை வாய்மூடி இருந்தால் அவள் வருவது பெரும்பாலும் உறுதி என்பதையும், கடிதம் எழுதினால் வராமலே போகலாம் என்பதையும் சொன்னேன்.

என்னைப் பற்றியும் அப்படி எங்காவது எழுதி வைத்திருக்கிறீர்களா என்று கேட்டாள். ஆம் என்றேன், 12 மார்ச் பக்கத்தைப் படித்துக் காட்டினேன், அவள் தம்பியைப் பற்றிய வரி உட்பட.

“அன்னிக்கு அவன் ஊர்லயே இல்ல. அது என் வாய், என் பேச்சு.” பிறகு, “அந்தப் பொண்ணு அங்க வந்து ஒம்பது மாசம் என்ன பாடு பட்டான்னு நீங்க கேக்கல. நாளைக்கு நான் வந்தா என்னைக் கேப்பீங்களா?”

கேட்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.

“சொல்லாதீங்க. எழுதி அனுப்புங்க. அவளுக்கு.”

22 ஏப்ரல் 2024, திங்கட்கிழமை, காலை 10.35
குறிப்பு 11: அஞ்சலில் சேர்த்தது

குடியேற்ற அலுவலகத்துக்குப் பதிவு அஞ்சலில் அனுப்பிவிட்டேன். ஒரு படி பிராக்டனுக்கு, இவோன் பெயருக்கு. எங்களைப் பற்றி இனி என்ன முடிவு செய்வார்கள் என்று தெரியவில்லை.

கடிதத்துடன் இணைத்தவை:

1. 2 செப்டம்பர் 2014 தேதியிட்ட பெயரில்லாக் கடிதத்தின் கார்பன் நகல். இரண்டு பக்கம்.

2. அதை எழுதியவன் நானே என்றும், பத்தி 4, 5 ஆகியவை நான் கண்டவை அல்ல, ஊகித்தவை என்றும் சான்று அலுவலர் முன் கையொப்பமிட்ட வாக்குமூலம். ஒரு பக்கம்.

3. என் ஓட்டுநர் உரிமத்தின் நகல்.

4. என் மனைவி டொமிங்காஸின் விசா வழக்கு எண், அவர்கள் தேடும் சிரமம் வேண்டாம் என்பதற்காக.

5. என் நாட்குறிப்பிலிருந்து 11 ஆகஸ்ட் 2014-க்கு உரிய தாள். அசல். நகல் வைத்துக்கொள்ளவில்லை.