மன்றம் சேராத மருதவாய் விண்ணப்பம்

மழை அளவோடு பொழிக. கரைகள் நிலைத்து நிற்க. கூவிளி ஆற்றுக்கும் அதன் ஏழு கால்வாய்களுக்கும் உரியவரும், வெண்ணில நாட்டின் முடி தாங்கியவருமாகிய கோமகள் பொன்னிறைவியாரின் ஆணையால், குடிகளின் விண்ணப்பங்களைக் காக்கும் ஓலைநாயகமாய் நேற்றுவரை இருந்த பூதங்கண்ணன், மருதவாய் ஊர்ச்சபைத் தலைவி அரியநாச்சியார் திருமுன் பணிந்து விடுக்கும் ஓலை. தாங்களும் தங்கள் ஊரும் நலமுற்றிருக்க வேண்டும் என்று எழுதவும் அவனுக்குக் கை கூசுகிறது. எனினும் முறை கருதி எழுதினான்.

எல்லா எழுத்தும் வலையின் வழியே போகும் இக்காலத்திலும், பிழை செய்தவன் அதனைத் தன் கையால் ஓலையில் கீறித்தான் ஒப்புக்கொள்ள வேண்டும் என்பது இந்நாட்டின் முறை. விசைப்பலகையில் விரல் பறக்கும் பூதங்கண்ணனுக்கு எழுத்தாணி பிடிக்கத் தெரியாது. நான்கு ஓலைகள் கிழிந்தன. ஐந்தாவதில் எழுத்துக் கோணியிருப்பதைப் பொறுத்தருள்க. மற்றதைப் பொறுக்கும்படி எந்த முகத்தோடு கேட்பான்?

குடிகள் கைப்பேசியில் எழுதும் விண்ணப்பம் முதலில் அரண்மனையின் வாயில் சர்வருக்கு வரும். அது வாங்கி வைப்பது மட்டுமே செய்யும்; ஆவன செய்யும் அறிவு உள்ளே இருக்கும் மன்ற சர்வருக்கே உண்டு. ஆகவே விண்ணப்பத்தை வாயிலில் வாங்கி உள்ளே கொடுத்து, மன்றம் தரும் மறுமொழியைத் திருப்பிக் கொண்டுவர நடுவே ஒரு கணினி நிரல் வேண்டும். பிற நாடுகள் பலர் கைபட்டுத் தேறிய நிரலையே வைத்திருக்க, அது மெதுவானது என்று மூக்கைச் சுளித்த பூதங்கண்ணன், தானே ஒன்றை எழுதி 'விரைவோன்' என்று பெயருமிட்டான். மன்றத்தின் மறுமொழிக்கு விரைவோன் காத்திராது. விண்ணப்பம் வாயிலைத் தொட்டதுமே 'ஏற்கப்பட்டது' என்று சொல்லிவிட்டு, அதன் பிறகே உள்ளே கொண்டுபோகும். எங்கள் வாயிலில் எவரும் காத்திருப்பதில்லை என்று அவையில் அவன் மார்தட்டினான். கோமகள் பட்டுப் போர்த்தினார். அவனும் கூச்சமின்றிப் போர்த்திக்கொண்டான்.

உள்ளே இடமில்லையெனில் விரைவோன் மூன்று முறை தட்டிப் பார்க்கும். பின்பு விண்ணப்பத்தைக் கைவிட்டுவிடும். கைவிட்டதைக் குறித்துவைக்கவும் அவன் வழி செய்யவில்லை. தவறுகளின் பட்டியல் நீண்டால் அவையில் படிக்க அழகாயிராதே என்பதுதான் காரணம். வேறு பெரிய காரணம் ஏதும் இல்லை.

ஐப்பசி பதினேழாம் நாள், ஆற்றோரத்து ஊர்கள் எல்லாம் ஒரே முற்பகலில் விண்ணப்பிக்க, மன்ற சர்வர் திணறிக் கதவடைத்தது. கருங்கல் மதகை உச்சிப்பொழுதுக்குள் திறவாவிடில் ஊர் மூழ்கும் என்று தாங்கள் எழுதினீர்கள். கண் மூடித் திறப்பதற்குள் ஏற்கப்பட்டதாய் மறுமொழி வந்தது. வெள்ளத்தை வேறுபக்கம் வடித்துவிடக் கடப்பாரையோடு கரையை வெட்டக் கிளம்பிய ஆடவரைத் தாங்களே தடுத்து, அரண்மனை வாக்களித்துவிட்டது, ஆட்கள் வருவார்கள், அரசின் கரையில் கை வைக்க வேண்டாம் என்று கூறினீர்களாம். வரும் ஆட்களுக்கு வழிகாட்டத் தங்கள் தம்பி செம்மலையார் மதகடியில் போய் நின்றார். ஒருவரும் வரவில்லை. பிற்பகலில் கரை உடைந்தது. நாற்பத்திரண்டு வீடுகள் போயின. தம்பியாரின் உடல் மூன்றாம் நாள் கிடைத்தது.

இதனினும் கீழான ஒன்றை எழுத வேண்டியிருக்கிறது. மருதவாய்க்கு ஏன் ஆள் போகவில்லை என்று கோமகள் அவையில் வினவியபோது, பூதங்கண்ணன் மன்ற சர்வரின் குறிப்பேட்டை மட்டும் திறந்து பார்த்து, மருதவாயிலிருந்து விண்ணப்பமே வரவில்லை என்று வாய் கூசாமல் சொன்னான். அச்சொல் தங்கள் ஊரை எட்டியது. கடப்பாரையைக் கீழே போட்டவர்கள், உண்மையில் எழுதினீர்களா என்று தங்களைக் கேட்டார்களாம். கைப்பேசி வெள்ளத்தோடு போயிருந்ததால் தங்களிடம் காட்ட ஒன்றுமில்லை. தாங்கள் தலைவியின் இருக்கையை விட்டிறங்கித் தரையில் அமர்ந்தீர்களாம்.

வெள்ளத்தின் ஒன்பதாம் நாள் அவன் வாயில் சர்வரின் குறிப்பேட்டைப் புரட்டினான். நாளும் நாழிகையும் மாறாமல் தங்கள் விண்ணப்பம் அங்கே இருந்தது. வாயிலுக்கு வந்திருக்கிறது, உள்ளே போகவில்லை. பார்த்த அன்றே சொன்னானா? இல்லை. வயிற்றுவலி என்று பொய் சொல்லி இரண்டு நாள் வீட்டில் படுத்துக் கிடந்தான். அவ்வரியை அழித்துவிடலாமா என்றும் எண்ணினான். எண்ணியதை மறைக்காமல் எழுத வேண்டும் என்பதும் ஆணையாதலால் எழுதுகிறான். மூன்றாம் நாள் எழுந்துபோய்க் கோமகளின் அடிபணிந்து உரைத்தான். கோமகள், தலைவியின் பெயரைக் கெடுத்த வாயே அதைத் திருப்பித் தரட்டும் என்று மட்டும் அருளினார்.

ஆகவே ஆணை இது. விரைவோன் நீக்கப்பட்டது. இனி மன்றம் சொல்லாத எதையும் வாயில் சொல்லாது. மன்றம் மறுமொழி தராவிடில், விண்ணப்பம் இன்னும் சேரவில்லை, உயிர் காக்க வேண்டியதை நீங்களே செய்க, அரசு குறை காணாது என்று வாயில் உடனே அறிவிக்கும். மருதவாய்ச் சபை கூடி, அன்று கரைக்குக் கிளம்பிய ஒவ்வொருவரும் கேட்க, அரியநாச்சியார் உரிய பொழுதில் எழுதினார், அவர் சொன்னதெல்லாம் மெய், பொய்யுரைத்தவன் பூதங்கண்ணன் என்னும் வரி மூன்று முறை படிக்கப்படும். தலைவியார் தம் இருக்கையில் அமர்ந்தே அதனைக் கேட்டருள்க. செம்மலையாருக்கு ஈடாக எதை எழுதுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்ததுபோல் ஒன்றும் எழுதவில்லை.

கோமகள் திருவாய் மலர்ந்தபடி, ஐப்பசி முப்பதாம் நாள் ஆற்று முத்திரையிட்டு இவ்வோலை கட்டப்பட்டது. தூதர் எவரிடமும் இது கொடுத்தனுப்பப்படவில்லை. இதைக் கொண்டுவந்து தங்கள் முன் நிற்பவன் எழுதியவனே, அவனே படிப்பான். அவனை உட்காரச் சொல்ல வேண்டாம்.