பின் ஜன்னலுக்கு ஆணி அடிக்காதே

கத்பர்ட்,

படகைக் கரையேற்றிவிட்டு நீ வருவதற்குள் நான் ரோசோ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியாக வேண்டும். புயல் கடக்கும்வரை நர்ஸ்கள் நாங்கள் யாரும் வீடு திரும்ப முடியாது. சாயங்காலமே வந்துவிடும் என்று ரேடியோவில் சொல்கிறார்கள். அவசரத்தில் கிறுக்குகிறேன், எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

நீ வேண்டாம் என்று சொல்லியும் தச்சர் ஆம்ப்ரோஸைக் கூப்பிட்டுவிட்டேன். "எனக்குக் கையில்லையா, சுத்தியலில்லையா?" என்று நேற்று நீ கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. போன புயலில் நீ அடித்த பலகைதான் முதலில் பறந்தது, பின்னாலேயே கூரையும் போனது.

கூரைக் கட்டைகளை இரும்புப் பட்டையால் இறுக்கி, ஜன்னல்களுக்கெல்லாம் பலகை அடித்துவிட்டார். காற்றடிக்காத பக்கத்துப் பின் ஜன்னலை மட்டும் வெறும் கொக்கியோடு விட்டிருக்கிறார். மறந்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

"மறக்கல வெர்னா. கூரை போச்சுன்னா உன் புருஷன் எந்த வழியா வெளிய வருவான்?"

அவர் போனபிறகு அந்தக் கொக்கியை நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டேன். வீம்புக்கு அந்த ஜன்னலிலும் நீ ஆணி அடித்து வைக்காதே, கெஞ்சிக் கேட்கிறேன்.

சீமைப்பலாவைச் சுட்டு, உப்புமீனோடு மூடி வைத்திருக்கிறேன். வெளிச்சம் இருக்கும்போதே சாப்பிட்டுவிடு.

வெர்னா

உன் பூட்ஸைத் துடைத்து அந்த ஜன்னலுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பூட்ஸோடு கட்டிலில் ஏறாதே என்று பதினோரு வருஷமாகக் கத்துகிறேன் இல்லையா? இன்றைக்குப் போட்டுக்கொண்டே படு.