பாடத்தில் இல்லாத வரி

12 ஆகஸ்ட் 1958, செவ்வாய்

இன்று வகுப்புக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். புயலில் சிக்கிய தோணியைப் பற்றிய பாடத்தில் பத்துக் கேள்வி கேட்டார். பத்துக்கும் பிள்ளைகள் சரியாகப் பதில் எழுதினார்கள்.

அவர் பாராட்டு எழுதிக்கொண்டிருந்தபோது, பெருமை தாங்காமல் நானும் ஒன்று கேட்டுத் தொலைத்தேன். "செல்வி, தோணிக்காரர் கடைசியில என்ன ஆனாரு?"

செல்வி மீனவர் வீட்டுப் பெண். புத்தகத்தில் விரலை ஓட்டித் தேடினாள். "அந்த வரி இல்லியே டீச்சர்."

வெறுந்தோணி கரை ஒதுங்கியது, அவர் மனைவி தாலியைக் கழற்றினாள் என்று பாடத்தில் இருக்கிறது.

கேள்வியிலுள்ள சொல்லைப் பாடத்தில் தேடு, அந்த வரியை அப்படியே எழுது என்று பழக்கியவள் நான்தான்.

இன்ஸ்பெக்டர் இதைக் கவனிக்கவேயில்லை. "இந்த முறைய மத்த டீச்சருங்களுக்கும் சொல்லிக்குடுங்கம்மா" என்றார்.

"சரிங்க சார்" என்றேன்.