நீர் இருந்தது என்று சொன்ன நாள்

இன்று காலை ஆலையில் லீக் டெஸ்ட் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். ரேடியேட்டரைத் தண்ணீரில் முக்கிக் காற்றை அடித்ததும், ஓர் ஓரத்திலிருந்து குமிழிகள் கிளம்பி மேலே வந்தன. ஓட்டை. ஆபரேட்டர் அதை எடுத்து ஒதுக்கி வைத்தார். எனக்கோ ஆஸ்பத்திரிக் கட்டிலில் விலாவைப் பிடித்துக்கொண்டு நீ சிரித்தது ஞாபகம் வந்துவிட்டது.

தண்டலத்தில் நாம் இருவரும் ஒரே வகுப்பில் படித்தோம். ஒரகடத்தில் ஒரே ஆலையின் குவாலிட்டி பிரிவில் சேர்ந்தோம். எது கெட்டுப்போயிருக்கிறது என்று பார்த்துச் சொல்வதுதான் இருவருக்கும் பிழைப்பு. உன் நுரையீரலில் புற்றுநோய்க் கட்டி என்று தெரிந்தபோதும் நீ அதே தொனியில்தான் பேசினாய். "ஒரு பக்கம்தான்டி கீது. வெட்டி எடுத்துட்டா முடிஞ்சுது."

அறுவை சிகிச்சை முடிந்து வார்டுக்கு வந்த பிறகு உன்னைப் பார்க்க வந்தேன். உன் விலாவிலிருந்து இறங்கிய குழாய், கட்டிலுக்குக் கீழே தண்ணீர் ஊற்றிய பாட்டிலுக்குள் போயிருந்தது. நீ இருமினாய். பாட்டிலில் குமிழி. "சிஸ்டர், லீக் ஆவுது!" என்று கத்திவிட்டேன். ஓடிவந்த நர்ஸ், "காத்து வெளிய போவணும்னுதாம்மா அத வச்சிருக்கோம்" என்று முறைத்தார்.

நீ வலியோடு சிரித்தாய். "இன்னாடி, என்னையும் ரிஜெக்ட் பண்ணிட்டியா?"

என்னால் சிரிக்க முடியவில்லை. உள்ளே வருவதற்குச் சற்று முன்புதான் உன் வீட்டுக்காரர் வராந்தாவில் என்னை நிறுத்தியிருந்தார்.

"தொறந்து பாத்தா நுரையீரலச் சுத்தி நீர் இருந்துச்சாம்மா. ஸ்கேன்ல தெரியல. அந்த நீரை டெஸ்ட் பண்ணா அதுலயும் கேன்சர் கீதாம். பரவிடுச்சாம். கட்டியத் தொடாமலே மூடிட்டாங்க. இனிமே மாத்திரைதானாம். அவகிட்ட எடுத்தாச்சுன்னு சொல்லிக்கீறேன். நீயும் அப்படியே சொல்லிடும்மா. தெரிஞ்சா தாங்க மாட்டா."

சிரிப்பு அடங்கியதும் நீ என் கையைப் பிடித்தாய்.

"கட்டிய எடுத்துட்டாங்களாடி? அவரு எடுத்தாச்சுன்றாரு. ஆனா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்றாரு."

பொய் சொல்லியிருந்தால் அன்று நிம்மதியாகத் தூங்கியிருப்பாய். ஆனால் அதற்குப் பிறகு நீ எடுக்கும் ஒவ்வொரு முடிவும் எங்கள் பொய்யின் மேல்தான் நின்றிருக்கும்.

"எடுக்கல" என்றேன். நீர் இருந்ததைச் சொன்னேன். அதன் பொருளையும் சொன்னேன்.

என் கையை விடாமலே வராந்தாப் பக்கம் பார்த்தாய். பிறகு, "அவரக் கூப்புடு. பாவம், இத தனியா தூக்கிகினு திரியிறாரு" என்றாய்.

வந்தவர் விஷயம் புரிந்ததும் என்னைக் கோபமாகப் பார்த்தார். அப்படியே உடைந்து அழுதார். நீதான் அவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாய். டாக்டர் வந்தபோது கேள்விகளை நீயே கேட்டாய்.

மாத்திரை நல்ல பலன் கொடுத்தது. திரும்ப வேலைக்கு வந்தாய். மகளைக் கல்லூரியில் சேர்க்க நீயே போனாய், மாடிக்கு மாடி நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, "லிஃப்ட் இல்லாம எவன்டி இத கட்டினான்?" என்று திட்டினாய். மருந்துக்கு நோய் கட்டுப்படாமல் போன பிறகு, ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவு செய்ததும் நீதான். சேரப்பணஞ்சேரியில் உன் வீட்டில், உன் கட்டிலில் கண்ணை மூடினாய்.

காரியத்தன்று உன் பெரியம்மா மூக்கைச் சிந்திக்கொண்டே ஆறுதல் சொன்னார். "கடைசி வரைக்கும் ஒண்ணும் தெரியாம, கஷ்டப்படாம போய்ட்டா எம்பொண்ணு."

நான் வாய் திறப்பதற்குள் உன் வீட்டுக்காரர் நிமிர்ந்தார்.

"அவளுக்கு எல்லாம் தெரியும் பெரியம்மா. தெரிஞ்சிதான் வாழ்ந்தா."

அதைச் சொன்னபோது அவர் குரலில் பெருமை இருந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. யாராவது என்னைப் பார்த்து நேராக ஒன்றைக் கேட்டால், இப்போதெல்லாம் நான் பார்வையைத் திருப்பிக்கொள்வதில்லை.