ஆறு விரல் கரடி

ஜூன் 3
சாலையை அகலப்படுத்த உப்புப் பாறையை உடைக்கப் போகிறார்களாம். அது நம் ஹோப்பிப் பழங்குடி முன்னோருடையது என்று சனிக்கிழமை ஊர்க்கூட்டத்தில் சாலைத்துறை ஆளை நம்பவைக்க வேண்டும். சரித்திர வாத்தியாராக இருந்தவன் என்று என்னைப் பிடித்துவிட்டார்கள். பேச்சின் வரிசை:

1. பாறையில் கொத்தியிருக்கும் கரடிப் பாதங்கள், இந்த வழியே உப்பெடுக்க நடந்துபோன கரடிக் குலத்து ஆட்களின் கையெழுத்து.
2. ஒரு பயணத்துக்கு ஒரு பாதம். ஒரே வரிசை என்றால் ஒரே ஆள்.
3. கீழ்வரிசைப் பாதங்களுக்கு ஆறு விரல். கரடிக்கு ஐந்துதான், புத்தகத்தில் பார்த்துவிட்டேன். முதல் பாதத்தில் கை வழுக்கியிருக்கும். பிறகு அதையே பார்த்துக் கொத்தியிருப்பார்.

மூன்றாவது கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமோ? இருக்கட்டும்.

ஜூன் 4
கடையில் வெர்னா அத்தை. என்னைவிட முப்பது வயது சின்னவள். எங்களுக்குக் குலம் தாய்வழி; அப்பாவின் கரடிக் குலத்தில் பிறந்த பெண் என்பதால் அத்தை. மருமகனைக் கேலி செய்வது அவள் உரிமை, வாய் திறக்காமல் கேட்பது என் கடமை.

"ஏன் மருமவனே, இந்த வெயில்லயும் சாக்ஸா? உள்ள இன்னொரு பொண்டாட்டிய ஒளிச்சு வெச்சிருக்கியா?"

கடையே சிரித்தது. சோளமாவு வாங்காமலே வந்துவிட்டேன்.

ஜூன் 6
உடம்பு சரியில்லை என்று சொல்லி நாளைக்குப் போகாமல் இருந்துவிடலாமா? வேறொன்றுமில்லை, பயம்.

ஜூன் 7
தாளைப் பார்த்தே படித்தேன். மூன்றாவது வந்ததும் சாலைத்துறை ஆள் பிடித்துக்கொண்டார்.

"தப்பாக் கொத்தியிருக்குன்னு நீங்களே சொல்றீங்க. கரடிக் குலத்துக்காரனுக்குக் கரடிப் பாதம் தெரியாதா? எவனோ வேலையத்தவன் கிறுக்கினது. உடைச்சா என்ன?"

கூட்டத்தில் இருந்த வெர்னா அத்தையைப் பார்த்தேன். என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்பாவின் கால். அவருடைய தாய்மாமனின் கால். நான் என்ன மடையன்! கரடியின் விரலைப் போய் எண்ணினேனே —

உட்கார்ந்து ஷூக் கயிற்றை அவிழ்த்தேன். சாக்ஸையும் கழற்றினேன். சுண்டுவிரலை ஒட்டி இன்னும் சின்னதாய் ஒன்று. ஆறு.

"எங்கப்பாவுக்கும் ஆறு சார். கரடிக் குலத்துக் கால். அந்த ஆள் தன் காலையே கொத்தியிருக்காரு."

அவர் குனிந்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

"போதும் சார், பையன் கூச்சப்படுறான்," என்றாள் அத்தை. பிறகு என்னிடம், "இதுக்கா மருமவனே இத்தன வருஷமா சாக்ஸ் தோய்ச்சே?"

ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. நானும்தான்.

ஜூன் 19
புதுச் சாலைக்கான அளவுக் குச்சிகளைப் பாறைக்கு அந்தப் பக்கம் தள்ளி நட்டுவிட்டார்கள். செருப்பு மாட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழ்வரிசையின் பக்கத்தில் காலை வைத்தேன். கல் நன்றாகச் சுட்டது.

மூன்றாவது குறிப்பு தவறு. கை வழுக்கவே இல்லை.