அம்மா பக்கத்துக் கண்

ஜூன் 28, சனி

விடியும்போதே காத்து. மாடியில் காயப்போட்ட வேட்டியைப் பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து எடுத்தேன்.

அரை நாள் லீவு. நானும் கலாவும் தர்ஷுவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போனோம். போன வருடம் வலது கண் மைனஸ் ஒன்பதரை. இப்போது பதினொன்று. இப்போதுதான் பத்தாவது போயிருக்கிறாள்.

டாக்டரம்மா ஒரு தாளில் குடும்பத்தை வரைந்தார். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். கண்ணாடி போட்டவர்களுக்கு உள்ளே மை. கலா பக்கம்: கலா, அவள் தம்பி பூபதி, மாமனார், ஒரு பெரியம்மா. எல்லாம் கறுப்பு. என் பக்கம் அத்தனையும் வெறும் கட்டம், வெறும் வட்டம்.

ஒரே ஒரு மரபணுவால் வருவதில்லையாம். சின்னச் சின்னதாகப் பல சேர்ந்து வருமாம். அப்பா அம்மாவில் ஒருவருக்கு இருந்தாலே பிள்ளைக்கு வாய்ப்பு அதிகம், இந்த வயதில் இவ்வளவு ஏறினால் பெரும்பாலும் குடும்ப வழிதான் என்றார். கண் உருண்டை நீளமாக வளர்ந்துவிடுகிறதாம், உள்ளே விழித்திரை இழுபட்டு மெலிகிறதாம். இழுத்த பனியன் துணி மாதிரி என்று நானே புரிந்துகொண்டேன்.

எங்கள் பக்கமிருந்து ஒன்றுமே வரவில்லையா என்று கேட்டேன். டாக்டரம்மா பேனாவை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எல்லாரும் எங்க பக்கம் இல்லைன்னு சண்டை போடுவாங்க. இல்லையேன்னு வருத்தப்படறது நீங்கதாங்க" என்றார். கலா சிரித்தாள்.

டையிங் யூனிட் லேபில் பதினெட்டு வருடமாகத் துணிச் சாயத்தின் ஷேடு பார்க்கிறேன். இரண்டு நேவி நீலத் துணியைச் சேர்த்து வைத்தால் எதில் சிவப்பு ஏறியிருக்கிறது என்று லைட் பாக்ஸ் இல்லாமலே சொல்வேன். இந்தக் கண்ணில் ஒரு சொட்டுகூட அவளுக்குப் போகவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

மட்டன் ஒரு கிலோ. சின்ன வெங்காயம். கேஸ் புக் பண்ணணும்.

பூபதி வந்தான். பெருமாநல்லூரில் எம்பிராய்டரி டிசைன் கம்ப்யூட்டரில் போடும் வேலை. முப்பத்தாறு வயது, இன்னும் கல்யாணம் ஆகவில்லை. பார்த்த நான்கு இடமும் கண்ணாடியைக் காட்டியே கைவிட்டுப் போயின. பாவம்தான். ஆனாலும் அவன் செருப்பை வாசலில் பார்த்தாலே எனக்கு வயிறு எரிகிறது. இங்கே எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது.

சாப்பிட்டுவிட்டு மூன்று பேரும் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம். சுவர்க் கடிகாரத்தில் மணி என்ன? கலா, "அங்க கடிகாரமா இருக்குது?" என்றாள். அப்படி ஒரு சிரிப்பு. நான் இரண்டு பத்து என்றேன். தர்ஷு, "அப்பா, நீங்க ஆட்டத்துல இல்ல" என்றாள்.

ஆட்டத்தில் இல்லை. சரி.

அவள் கண்ணாடியைத் துடைக்கப் பூபதியிடம் கேட்காமலே நீட்டுகிறாள். நான் ஒருமுறை துடைத்ததற்குக் கண்ணாடியில் கைரேகை என்று பிடுங்கிக்கொண்டாள்.

என்னிடமிருந்து அவளுக்கு வந்தவை:
1. காது மடல் (என் அம்மா சொன்னது)
2. பாவக்காய் ஆகாது
3.

ஜூலை 1, செவ்வாய்

லேபில் ஆலிவ் பச்சை மூன்றாம் முறையும் மேனேஜருக்கு ஒப்பவில்லை. மஞ்சள் கூடுதல் என்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை. கடைசியில் அவர் சொன்னதுதான் சரி. பதினெட்டு வருடத்தில் இது இரண்டாம் தடவை.

வீட்டுக்கு வந்தால் தர்ஷு போனில். மாமாவோடு. பள்ளிக்கூடத்தில் பின் பெஞ்சு, போர்டு தெரியவில்லை, டீச்சரிடம் எப்படிக் கேட்பது, எல்லாம் அவனிடம். அவள் பின் பெஞ்சில் இருப்பதே எனக்கு இப்போதுதான் தெரியும்.

போனை வாங்கி வைத்தேன். பத்தாவது, படிப்பு கெடுகிறது, இனி மாமாவோடு பேச்சு ஞாயிறு மட்டும் என்றேன். பூபதிக்கும் அதையே சொன்னேன். "செரிங்க மச்சான்" என்றான். சண்டை போட்டிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

கலா தட்டை நங்கென்று வைத்தாள்.

வயசுக்கு வந்த சீரில் தர்ஷுவுக்குத் தாய்மாமன் சீர் அவன்தான் செய்தான், மாலை அவன்தான் போட்டான். நான் பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன். முறை அதுதான். கண்ணுமா அவன் முறை?

ஜூலை 4, வெள்ளி

சாரல். கரண்ட் இரண்டு முறை போனது. லேப் ஹெல்பர் பீகார் பையன் ஊருக்குப் போகிறானாம், தங்கச்சி கல்யாணம்.

வீடு அமைதி. மூன்று நாளாக மாமா பேச்சே இல்லை. தர்ஷு என் பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தாள். பார்த்தாள் என்று சொல்வதைவிட, சும்மா உட்கார்ந்திருந்தாள். அடிக்கடி வலப்பக்கம் திரும்பிப் பார்த்தாள். என்ன கண்ணு என்றேன். ஒண்ணுமில்லப்பா.

எனக்கு உள்ளூரச் சந்தோஷம். பக்கத்தில் உட்கார்ந்தாளே.

ஜூலை 6, ஞாயிறு

கோயமுத்தூர் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குத் தர்ஷு போனைக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஆச்சே, கொடுத்தேன். இரண்டு நிமிடம்கூடப் பேசவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். பூபதி எப்போதும் மெதுவாகப் பேசுகிறவன். "மச்சான், குளிக்கக்கூட வேண்டாமுங்க. இப்பவே காரெடுங்க" என்றான்.

வியாழக்கிழமையிலிருந்து வலது கண் ஓரத்தில் மின்னல் வெட்டுகிறதாம். கறுப்புப் புள்ளி கொட்டுகிறதாம். கலாவிடம் புள்ளியை மட்டும் சொல்லியிருக்கிறாள். கலாவுக்கு வருடக்கணக்கில் புள்ளி உண்டு. எனக்கும் இருக்குது சாமி, ஒண்ணும் பண்ணாது என்று சொல்லிவிட்டாள். அவர்கள் வீட்டில் அது தும்மல் மாதிரி. மின்னல் வெட்டினால் உடனே ஓடிப்போய்ப் பார்க்கவேண்டும் என்பது பூபதிக்குத்தான் தெரியும். அவனுக்கு இருபத்திரண்டு வயதில் வந்து லேசர் வைத்திருக்கிறார்கள். தர்ஷுவிடம் சொல்லியும் வைத்திருக்கிறான்: மின்னுச்சுன்னா மொதல்ல எனக்குக் கூப்பிடு.

காரில் கேட்டேன். என்கிட்ட ஏன் சொல்லல கண்ணு?

"உங்களுக்குத் தெரியாதில்லப்பா. உங்க கண்ணு நல்ல கண்ணு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அப்புறம், "ஞாயித்துக்கெழம வரைக்கும் இருந்துக்கலாம்னு நெனச்சேன்" என்றாள்.

காரை இன்னும் அழுத்தினேன்.

அதே நாள், மாலை

விழித்திரை ஓரத்தில் கிழிசல். பிரியவில்லை. சுற்றிலும் லேசர் வைத்து முடித்துவிட்டார்கள். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் பெரிய ஆபரேஷன், பார்வைக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டார். மூன்று நாள் என்று நான்தான் சொன்னேன். ஏன் உடனே வரவில்லை என்றார்.

கலா உள்ளே அவளோடு. வெளியே நானும் பூபதியும். பஸ் பிடித்து எங்களுக்குப் பின்னாலேயே வந்துவிட்டவன். இரண்டு டீ வாங்கி வந்தான்.

சொல்லிவிட்டேன். "படிப்புக்காக இல்ல மாப்ள. பொறாமைல பண்ணுனேன்."

அவன் டீயைக் குடித்து முடித்தான். "தெரியுமுங்க மச்சான்."

தெரிந்துமா சரிங்க என்றாய் என்று கேட்டேன். "உங்க புள்ளைங்க. நான் என்னத்தச் சொல்றது" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்தேன். கண்ணாடிக்குப் பின்னால் கண் ரொம்பச் சின்னதாக இருந்தது. பதினாறு வருடத்தில் இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை.

ஜூலை 7, திங்கள்

லீவு. லேபில் மூன்று போன். எடுக்கவில்லை.

கலா என்னோடு பேசவில்லை. காபி வந்தது. பேச்சு வரவில்லை. தன்மேலும் அவளுக்குக் கோபம். அது எனக்கு வசதியாக இருக்கிறது என்று நினைத்ததற்கு என்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும்.

மத்தியானம் பூபதி வந்தான். என்னைத் தனியாகக் கூப்பிட்டான். தினமும் காலையில் ஒரு கண்ணை மூடிச் சுவரைப் பார்க்க வேண்டும். அப்புறம் அடுத்த கண். மின்னல், புள்ளி, ஓரத்தில் திரை மாதிரி நிழல், மூன்றையும் கேட்க வேண்டும். இடது கண்ணும் மெலிசுதான், வாழ்நாள் முழுக்கக் கவனம் வேண்டும். குறித்துக்கொண்டேன். நீயே போனில் கேளு மாப்ள, தினமும் பேசு என்றேன்.

"இல்லீங்க மச்சான். நான் கேட்டா அவ உங்ககிட்டச் சொல்லமாட்டா. நீங்க கேளுங்க" என்றான்.

சாப்பிடச் சொன்னோம். வேலை இருக்கிறது என்று போய்விட்டான்.

ஜூலை 8, செவ்வாய்

காத்து குறைவு. 6.40.

தர்ஷுவை ஹாலில் நிற்கவைத்தேன். முதலில் வலது கண்ணை மூடச் சொல்லி, மின்னுதா? இல்லப்பா. புள்ளி? இல்ல. நிழல்? இல்ல. அப்புறம் இடது கண்ணை மூடினாள். மின்னுதா? இல்ல. புள்ளி? "நேத்து இருந்ததுதாம்பா. பழசு நாலு." நிழலும் இல்லை. நாலு என்று எழுதிக்கொண்டேன். அவள் கண்ணுக்குள் என்ன இருக்கிறது என்று என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

கலாவிடம் சொல்ல அடுப்படிக்குப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் ஹாலில் தர்ஷு குரல். போனில். "மாமா, நாலுதான்."

எரிந்தது. போனை வாங்கவில்லை.